ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவைத் தீர்மானம் 242

ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு அவைத் தீர்மானம் 242 என்பது 1967 ஆம் ஆண்டு சூன் மாதம் நடைபெற்ற ஆறு நாள் போரைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பர் 22 அன்று பாதுகாப்பு அவையால் ஒருமனதாக நிறைவேற்றப்பட்ட தீர்மானம் ஆகும். இசுரேல் தான் கைப்பற்றிய நிலப்பகுதிகளிலிருந்து விலகுதல், அதற்கு ஈடாக அரபு நாடுகள் போர்நிலையை முடித்துக்கொண்டு அப்பகுதியின் எல்லா நாடுகளும் பாதுகாப்பான எல்லைகளுக்குள் வாழும் உரிமையை ஏற்றுக்கொள்ளுதல் ஆகிய இரண்டும் இதன் மையக் கருத்துகள். "நிலத்துக்கு அமைதி" என்று பின்னாளில் வழங்கப்பட்ட கொள்கை இதிலிருந்தே பிறந்தது.

எகிப்து-இசுரேல் அமைதி உடன்படிக்கை (1979), மத்ரித் மாநாடு (1991), ஒசுலோ உடன்பாடு (1993), ஜோர்தான்-இசுரேல் உடன்படிக்கை (1994) ஆகிய அனைத்தும் இத்தீர்மானத்தை அடிப்படையாகக் குறிப்பிடுகின்றன. எனினும் இதன் பொருள் என்ன என்பதில் சம்பந்தப்பட்ட தரப்புகள் இன்றுவரை உடன்படவில்லை. இசுரேல் எல்லா நிலப்பகுதிகளிலிருந்தும் விலக வேண்டுமா, சிலவற்றிலிருந்து விலகினால் போதுமா என்பதே பிணக்கின் மையம். சில பத்திகள் மட்டுமே கொண்ட இத்தீர்மானத்தின் ஒரு சொற்றொடரைப் பற்றி நூல்கள் பல எழுதப்பட்டுள்ளன.

பின்னணி

1967 மே மாதம் எகிப்தின் குடியரசுத் தலைவர் கமால் அப்துல் நாசர், சினாய் தீபகற்பத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஐக்கிய நாடுகள் அவசரப் படையை வெளியேறும்படி கேட்டுக்கொண்டார். தொடர்ந்து இசுரேலின் ஏலாத்து துறைமுகத்துக்குச் செல்லும் வழியான திரான் நீரிணையை இசுரேலியக் கப்பல்களுக்கு மூடுவதாக அறிவித்தார். சூன் 5 அன்று இசுரேல் எகிப்திய வானூர்தித் தளங்களைத் தாக்கியதுடன் போர் தொடங்கியது. அவசரப் படையில் பணியாற்றி, அப்போது இன்னும் காசாப் பகுதியை விட்டு வெளியேறாதிருந்த இந்தியப் படைவீரர்கள் சிலரும் முதல் நாள் தாக்குதலில் உயிரிழந்தனர்.

சூன் 10 அன்று போர் ஓய்ந்தபோது சினாய் தீபகற்பம், காசாப் பகுதி ஆகியவற்றை எகிப்திடமிருந்தும், கிழக்கு எருசலேம் உள்ளிட்ட மேற்குக் கரையை ஜோர்தானிடமிருந்தும், கோலான் மேட்டுநிலத்தைச் சிரியாவிடமிருந்தும் இசுரேல் கைப்பற்றியிருந்தது. பரப்பளவில் இவை ஒன்றுக்கொன்று ஒப்பிடத்தக்கவை அல்ல. சினாய் ஏறத்தாழ 60,000 சதுர கிலோமீட்டர். மேற்குக் கரை ஏறத்தாழ 5,600. கைப்பற்றப்பட்ட கோலான் பகுதி ஏறத்தாழ 1,200. காசாப் பகுதி 365 மட்டுமே. கைப்பற்றப்பட்ட நிலத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு சினாய் பாலைவனம் என்பதை நினைவில் கொள்வது, பின்னர் வரும் ஒரு வாதத்தைப் புரிந்துகொள்ள உதவும்.

போருக்குப் பின் உலக நாடுகள் இரண்டு நிலைகளில் பிரிந்து நின்றன. இசுரேலுடனான தூதரக உறவை முறித்துக்கொண்ட சோவியத் ஒன்றியமும் அரபு நாடுகளும் இசுரேல் முதலில், நிபந்தனையின்றி விலக வேண்டும் என்றன. ஐக்கிய அமெரிக்காவோ, 1957 இல் சினாயிலிருந்து இசுரேலை நிபந்தனையின்றி விலகச் செய்தது நிலையான அமைதியைத் தரவில்லை என்றும், இம்முறை விலகலும் அமைதியும் இணைந்தே வரவேண்டும் என்றும் கருதியது. குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் சூன் 19 அன்று ஆற்றிய உரையில் முன்வைத்த ஐந்து கோட்பாடுகளில் இந்நிலைப்பாடு வெளிப்பட்டது. கோடையில் கூடிய பொது அவையின் சிறப்பு அமர்வு படைவிலகல் குறித்த எந்த வரைவுக்கும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு ஆதரவைத் திரட்ட முடியாமல் கலைந்தது. செப்டம்பர் 1 அன்று சூடானின் கார்த்தூம் நகரில் கூடிய அரபுத் தலைவர்கள் இசுரேலுடன் அமைதி இல்லை, இசுரேலுக்கு ஏற்பு இல்லை, இசுரேலுடன் பேச்சுவார்த்தை இல்லை என்று அறிவித்தனர்.

வரைவுகளும் வாக்கெடுப்பும்

1967 இல் பாதுகாப்பு அவையின் நிரந்தரமற்ற உறுப்பினர்களாக அர்சென்டினா, இந்தியா, எத்தியோப்பியா, கனடா, சப்பான், டென்மார்க், நைசீரியா, பல்கேரியா, பிரேசில், மாலி ஆகிய பத்து நாடுகள் இருந்தன. நவம்பர் 7 அன்று அவையின் முன் இரண்டு வரைவுகள் வைக்கப்பட்டன. ஒன்று இந்தியா, மாலி, நைசீரியா ஆகிய மூன்று நாடுகள் இணைந்து அளித்தது. அண்மைய மோதலின் விளைவாகக் கைப்பற்றப்பட்ட "எல்லா நிலப்பகுதிகளிலிருந்தும்" இசுரேலியப் படைகள் விலக வேண்டும் என்று அது தெளிவாகக் கூறியது. மற்றொன்று ஐக்கிய அமெரிக்காவின் வரைவு; எந்த நிலத்திலிருந்து விலகுவது என்பதை அது வரையறுக்கவில்லை. இரண்டில் எதற்கும் போதுமான ஆதரவு கிட்டும் என்று தோன்றவில்லை.

இந்நிலையில் பிரித்தானியாவின் தூதர் கேரடன் பிரபு நவம்பர் 16 அன்று மூன்றாவது வரைவு ஒன்றை முன்வைத்தார். கேரடனின் இயற்பெயர் இயூ பூட். பிரித்தானிய ஆட்சியின் கீழ் இருந்த பாலத்தீனத்தில் இளம் அதிகாரியாகப் பணியாற்றியவர்; பின்னர் சைப்பிரசின் கடைசி ஆளுநராக இருந்தவர். அவரது வரைவு இரு தரப்பும் எதிர்க்காத அளவுக்குச் சமநிலை கொண்டிருந்தது. அச்சமநிலை குலையக் கூடாது என்பதற்காக ஒரு சொல்லையும் மாற்ற அவர் இணங்கவில்லை.

நவம்பர் 20 அன்று வாக்கெடுப்பு நடைபெறுவதாக இருந்தது. சோவியத் ஒன்றியத்தின் துணை வெளியுறவு அமைச்சர் வசீலி குசுனெத்சோவ் இரண்டு நாள் அவகாசம் கேட்டார். அவகாசம் சோவியத்தின் தடுப்பதிகார வாக்குக்கு முன்னோடி என்று பலர் அஞ்சினர். ஆனால் நவம்பர் 22 அன்று அவர் பிரித்தானிய வரைவுக்கு ஆதரவாகவே கை உயர்த்தினார். பதினைந்து உறுப்பினர்களும் ஆதரித்தனர். எதிர்ப்போ நடுநிலையோ இல்லை. பனிப்போரின் உச்சத்தில் இத்தகைய ஒருமனம் அரிது. அந்த ஒருமனம் சொற்களில்தான் இருந்தது, பொருளில் இல்லை என்பது வாக்கெடுப்பு நாளன்றே வெளிப்பட்டது.

அன்று அவையில் பேசிய இந்தியப் பேராளர் கோ. பார்த்தசாரதி, இத்தீர்மானம் இசுரேல் கைப்பற்றிய எல்லா நிலப்பகுதிகளிலிருந்தும் முழுமையாக விலகும் கோட்பாட்டுக்கு அவையைக் கட்டுப்படுத்துகிறது என்பதே இந்தியாவின் புரிதல் என்று பதிவு செய்தார். "எல்லா" என்ற சொல்லை அழுத்தி இருமுறை கூறினார். இவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். தி இந்து நாளிதழில் பணியாற்றியவர். சென்னை அணிக்காக ரஞ்சிக் கோப்பைத் துடுப்பாட்டப் போட்டிகளில் ஆடியவர். இவருடைய தந்தை கோபாலசாமி ஐயங்கார் 1948 இல் காசுமீர்ச் சிக்கல் தொடர்பாக இதே அவையில் இந்தியாவின் தரப்பை எடுத்துரைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இசுரேலின் வெளியுறவு அமைச்சர் ஆபா எபன், பிற நாடுகளின் விளக்கங்கள் தம் நாட்டைக் கட்டுப்படுத்தா, தீர்மானம் சொல்வதை மட்டுமே அது சொல்கிறது என்ற பொருளில் மறுமொழி கூறினார். கேரடனும், ஒவ்வொரு நாடும் தன் கருத்தைக் கூறலாம், ஆனால் அவையைக் கட்டுப்படுத்துவது தீர்மானத்தின் வாசகம் மட்டுமே என்று கூறி ஒதுங்கிக்கொண்டார்.

உள்ளடக்கம்

முகவுரையில், போரின் மூலம் நிலத்தைக் கையகப்படுத்துதல் ஏற்கத்தக்கதல்ல என்பதும், அப்பகுதியின் ஒவ்வொரு நாடும் பாதுகாப்புடன் வாழக்கூடிய நீதியான, நிலையான அமைதி தேவை என்பதும் ஒரே பத்தியில் வலியுறுத்தப்படுகின்றன. முதல் கூறு இரண்டு கோட்பாடுகளை அருகருகே வைக்கிறது: அண்மைய மோதலில் கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து இசுரேலின் படைகள் விலகுதல், போர்நிலை உரிமைகோரல்கள் அனைத்தையும் முடித்துக்கொண்டு, ஒவ்வொரு நாட்டின் இறைமை, நிலஉரிமை, அரசியல் விடுதலை ஆகியவற்றையும், பாதுகாப்பான, ஏற்கப்பட்ட எல்லைகளுக்குள் அச்சுறுத்தலின்றி வாழும் உரிமையையும் மதித்தல். இரண்டில் எது முதலில் நடைபெற வேண்டும் என்று கூறப்படவில்லை.

இரண்டாம் கூறு பன்னாட்டு நீர்வழிகளில் தடையற்ற கப்பல் போக்குவரத்து, அகதிகள் சிக்கலுக்கு நீதியான தீர்வு, படைநீக்கப் பகுதிகள் உள்ளிட்ட பாதுகாப்பு ஏற்பாடுகள் ஆகியவற்றின் தேவையைக் குறிப்பிடுகிறது. மூன்றாம் கூறு இத்தீர்மானத்தை நடைமுறைப்படுத்த உதவும் சிறப்புப் பேராளர் ஒருவரை அமர்த்துமாறு பொதுச் செயலாளரைக் கேட்டுக்கொள்கிறது.

தீர்மானத்தில் எருசலேம் என்ற சொல் இல்லை. பாலத்தீனர் என்ற சொல்லும் இல்லை. அகதிகள் என்று மட்டுமே கூறப்பட்டுள்ளதால், 1948 போரில் வீடிழந்த ஏறத்தாழ 7 இலட்சம் பாலத்தீனர்களும் அவர்தம் வழித்தோன்றல்களுமே இங்குக் குறிக்கப்படுகின்றனர் என்று அரபு நாடுகள் கொள்ள, அரபு நாடுகளிலிருந்து வெளியேறிய யூதர்களும் இதில் அடங்குவர் என்று இசுரேல் வாதிட்டது. 1967 இல் இச்சிக்கலை நாடுகளுக்கு இடையேயான எல்லைத் தகராறாகவே பாதுகாப்பு அவை கண்டது. நாடு கோரும் ஒரு மக்களினத்தின் சிக்கலாகக் காணவில்லை. தீர்மானத்தின் ஆகப் பெரிய குறை இதுவே எனலாம்.

சுட்டிடைச்சொல் பிணக்கு

ஆங்கில வாசகத்தில் "நிலப்பகுதிகள்" என்ற சொல்லுக்கு முன் வரையறுக்கும் சுட்டிடைச்சொல் இல்லை. அச்சொல் இருந்திருந்தால் "அந்த நிலப்பகுதிகள்", அதாவது கைப்பற்றப்பட்ட அனைத்தும் என்று பொருள்படும். இல்லாததால் "சில நிலப்பகுதிகள்" என்றும் பொருள் கொள்ளலாம் என்பது இசுரேலின் வாதம். பிரெஞ்சு வாசகமோ சுட்டிடைச்சொல்லுடன் அமைந்து, முழு விலகலையே குறிப்பதாக வாசிக்கப்படுகிறது. 1967 இல் ஆங்கிலமும் பிரெஞ்சும் பாதுகாப்பு அவையின் பணிமொழிகளாக இருந்தன. எனவே பிரெஞ்சு வாசகத்தை வெறும் மொழிபெயர்ப்பு என்று ஒதுக்கிவிட இயலாது என்பது அரபு நாடுகளின் கருத்து. விவாதம் ஆங்கில வரைவின் மீதே நடந்தது, பேரம் பேசப்பட்டதும் ஆங்கிலச் சொற்களே என்பது மறுதரப்பின் விடை. உருசிய மொழியில் சுட்டிடைச்சொல்லே கிடையாது. தமிழிலும் நிலை அதுவே. "கைப்பற்றப்பட்ட நிலப்பகுதிகளிலிருந்து" என்று எழுதினால் இரண்டு பொருளும் அதில் அடங்கிவிடும். "எல்லா" அல்லது "சில" என்று சேர்க்கும் மொழிபெயர்ப்பாளர் தாமறியாமலே ஒரு தரப்பின் வழக்கறிஞர் ஆகிவிடுகிறார்.

சுட்டிடைச்சொல் இல்லாமையால் மட்டும் "சில" என்ற பொருள் வந்துவிடாது என்று வாதிடுவோர் உள்ளனர். கோயில் வாயிலில் "பக்தர்கள் காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்" என்று எழுதியிருந்தால், சில பக்தர்கள் மட்டும் கழற்றினால் போதும் என்று எவரும் பொருள் கொள்வதில்லை. மேலும், போரால் நிலம் கொள்ளுதல் ஏற்கத்தக்கதல்ல என்ற முகவுரையின் வெளிச்சத்திலேயே விலகல் கூற்றை வாசிக்க வேண்டும் என்கின்றனர்.

ஆயினும் இவ்வாதத்துக்கு வரைவு வரலாறு தடையாக உள்ளது. "எல்லா" என்ற சொல்லைக் கொண்ட மூன்று நாடுகளின் வரைவு அவையின் முன் இருந்தது. அது வாக்கெடுப்புக்கு வலியுறுத்தப்படவில்லை. அச்சொல்லைச் சேர்க்க சோவியத் ஒன்றியமும் அரபு நாடுகளும் முயன்றும் முடியவில்லை. அமெரிக்கத் தூதர் ஆர்தர் கோல்ட்பர்க்கும், அப்போது அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர்பொறுப்பில் இருந்த யூசின் ரோசுட்டோவும் அச்சொல் வேண்டுமென்றே விடப்பட்டது என்று பிற்காலத்தில் எழுதினர். கேரடனும், 1967 சூன் 4 ஆம் நாளின் கோடு 1949 இல் படைகள் நின்ற இடத்தில் வரையப்பட்ட போர்நிறுத்தக் கோடே அன்றி நல்ல எல்லை அன்று எனக் கூறியுள்ளார். எனினும் அவர் எண்ணியது ஊர்களையும் வயல்களையும் அறுத்துச் சென்ற கோட்டில் இருபுறமும் செய்யப்படும் சிறு திருத்தங்களையே. போரால் நிலம் கொள்ளுதல் கூடாது என்ற முகவுரைக் கோட்பாட்டையும் அவர் இறுதிவரை வலியுறுத்தினார்.

அமெரிக்காவும் தொடக்கத்தில் இதையே கூறியது. வாக்கெடுப்புக்கு முன் நியூயார்க் வந்த ஜோர்தான் மன்னர் உசேனிடம், சிறு எல்லைத் திருத்தங்களுடன் மேற்குக் கரை திரும்பக் கிடைக்கத் தாம் பாடுபடுவதாக அமெரிக்கர்கள் உறுதியளித்தனர். அவ்வுறுதியை நம்பியே உசேன் தீர்மானத்தை ஏற்றார். இரு தரப்பின் வாதங்களையும் சேர்த்து நோக்கினால், விலகலின் அளவைத் திறந்து வைத்தது திட்டமிட்ட செயல் என்பதையும், அத்திறப்பு பெரும் நிலப்பரப்பை வைத்துக்கொள்வதற்காக அமைக்கப்பட்டதன்று என்பதையும் மறுப்பது கடினம்.

தீர்மானம் பாதுகாப்பு அவையின் கட்டாயப்படுத்தும் நடவடிக்கைகளுக்கான ஐக்கிய நாடுகள் பட்டயத்தின் ஏழாம் அத்தியாயத்தைச் சுட்டவில்லை. எனவே இது தரப்புகளை நேரடியாகக் கட்டுப்படுத்துமா, பேச்சுவார்த்தைக்கான சட்டகம் மட்டுமா என்பதும் வாதத்துக்கு உட்பட்டது. 1973 அக்டோபர் போரின்போது நிறைவேற்றப்பட்ட தீர்மானம் 338, தீர்மானம் 242-ஐ அதன் எல்லாப் பகுதிகளுடனும் நடைமுறைப்படுத்துமாறு தரப்புகளைக் கோரியதால் இவ்வாதம் ஓரளவு வலுவிழந்தது.

ஏற்பும் மறுப்பும்

எகிப்தும் ஜோர்தானும் தீர்மானத்தை ஏற்றன. சிரியா மறுத்தது; 1973 இல் தீர்மானம் 338-ஐ ஏற்றதன் வழியாகவே 242-ஐயும் ஏற்றது. இசுரேல் 1968 மே மாதம் தன் ஏற்பைப் பாதுகாப்பு அவையில் அறிவித்தது என்றாலும் விலகல் என்ற சொல்லை உள்நாட்டில் வெளிப்படையாக உச்சரிக்கத் தயங்கியது. 1970 ஆகத்தில் கோல்டா மேயர் அரசு அமெரிக்க வெளியுறவுச் செயலர் வில்லியம் ரோசர்சின் முன்முயற்சியை ஏற்று அச்சொல்லைப் பயன்படுத்தியபோது, மெனாக்கெம் பெகினின் ககால் கூட்டணி அமைச்சரவையை விட்டு வெளியேறியது.

தீர்மானத்தின்படி அமர்த்தப்பட்ட சிறப்புப் பேராளர் குன்னார் யாரிங், சுவீடனின் மாசுகோ தூதர். துருக்கிய மொழிகளில் புலமை பெற்றவர். அவர் பல ஆண்டுகள் தலைநகரங்களுக்கு இடையே அலைந்தார். 1971 பெப்ரவரி 8 அன்று எகிப்துக்கும் இசுரேலுக்கும் ஒரே வினாவை எழுத்தில் அனுப்பினார்: எகிப்து அமைதி உடன்பாட்டுக்கு வருமா? இசுரேல் பழைய பன்னாட்டு எல்லைக்குத் திரும்புமா? எகிப்து நிபந்தனைகளுடன் ஆம் என்றது. இசுரேலுடன் அமைதி உடன்பாட்டுக்கு ஓர் அரபு அரசு அதிகாரமுறையில் இணங்கியது அதுவே முதன்முறை. இசுரேல் அதை வரவேற்றாலும், 1967 சூன் 5-க்கு முந்தைய கோடுகளுக்குத் திரும்பாது என்று விடையளித்தது. யாரிங்கின் பணி அத்துடன் முடங்கியது. இரண்டரை ஆண்டுகளுக்குப் பின் அதே நிலத்துக்காக இரு நாடுகளும் மீண்டும் போரிட்டன. 1979 உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட ஏற்பாடு, யாரிங் எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியதிலிருந்து அடிப்படையில் வேறானதன்று.

1982 ஏப்ரலில் இசுரேல் சினாயிலிருந்து முழுமையாக விலகியது. அதன் பின், கைப்பற்றிய நிலத்தின் மிகப் பெரும் பகுதியைத் திருப்பி அளித்துவிட்டதால் தீர்மானம் 242-இன் கடமை நிறைவேறிவிட்டது என்று இசுரேலிய வலதுசாரிகள் வாதிட்டனர். மேலே கூறிய பத்தில் ஒன்பது பங்குக் கணக்கு இங்குதான் வருகிறது. தீர்மானம் எல்லா முனைகளுக்கும் பொருந்தும் என்ற நிலைப்பாட்டை அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் எடுத்தன.

பாலத்தீனர் நிலைப்பாடு

பாலத்தீன விடுதலை இயக்கம் தொடக்கத்திலேயே தீர்மானத்தை மறுத்தது. தம் மக்களை அகதிகளாகச் சுருக்கிவிட்டது என்பதும், இசுரேலின் இருப்பை ஏற்கிறது என்பதும் அதற்குக் காரணங்கள். 1974 நவம்பர் 22 அன்று, அதாவது தீர்மானத்தின் ஏழாம் ஆண்டு நிறைவு நாளில், பொது அவை பாலத்தீனரின் தன்னாட்சி உரிமையை ஏற்கும் தீர்மானம் 3236-ஐ நிறைவேற்றியது. அதே நாளில் அவ்வியக்கத்துக்குப் பார்வையாளர் தகுதியும் வழங்கியது.

இதற்கிடையே 1975 செப்டம்பரில் என்றி கிசிஞ்சர் இசுரேலுக்கு ஓர் உறுதி அளித்தார். பாலத்தீன விடுதலை இயக்கம் இசுரேலின் இருப்புரிமையையும் தீர்மானங்கள் 242, 338 ஆகியவற்றையும் ஏற்கும்வரை அமெரிக்கா அதனுடன் பேசாது. இவ்வுறுதி எவ்வளவு கடுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது என்பதற்கு ஐக்கிய நாடுகளுக்கான அமெரிக்கத் தூதர் ஆண்ட்ரூ யங்கின் கதை சான்று. அவ்வியக்கத்தின் பார்வையாளரைச் சந்தித்த செய்தி வெளியானதால் 1979 ஆகத்தில் அவர் பதவி விலக நேர்ந்தது.

1988 சூலையில் ஜோர்தான் மேற்குக் கரையுடனான சட்ட, ஆட்சித் தொடர்புகளைத் துண்டித்தது. நவம்பர் 15 அன்று அல்சியர்சில் கூடிய பாலத்தீனத் தேசிய அவை, நாட்டு விடுதலையை அறிவித்ததோடு, தீர்மானங்கள் 242, 338 ஆகியவற்றின் அடிப்படையிலான பன்னாட்டு மாநாட்டுக்கும் இணங்கியது. யாசர் அரபாத்துக்கு அமெரிக்கா நுழைவுரிமை மறுத்ததால் பொது அவை செனீவாவுக்கு இடம் மாறிக் கூடியது. அங்கு டிசம்பர் 14 அன்று செய்தியாளர்களிடம் அவர் தந்த தெளிவான ஏற்புக்குப் பின்னரே அமெரிக்கா அவ்வியக்கத்துடன் பேசத் தொடங்கியது. பாலத்தீனத்தின் 22 விழுக்காட்டு நிலத்தில் தம் நாடு அமைவதை ஏற்றுக்கொண்டதாகவே இம்முடிவைப் பாலத்தீனர்கள் கருதுகின்றனர். அந்த 22 விழுக்காட்டிலும் மேலும் பேரம் பேசப்படுவதை அவர்கள் எதிர்ப்பதன் காரணம் இதுவே.

1993 செப்டம்பர் 13 இல் கையெழுத்தான ஒசுலோ கோட்பாட்டு அறிக்கையின் முதல் கூறு, இறுதித் தீர்வு தீர்மானங்கள் 242, 338 ஆகியவற்றின் அடிப்படையில் அமையும் என்கிறது. ஆனால் அவற்றின் பொருள் என்ன என்பதை அதுவும் விளக்கவில்லை. 1993 இல் கிழக்கு எருசலேம் நீங்கலான மேற்குக் கரையில் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட இசுரேலியக் குடியேறிகள் இருந்தனர். முப்பது ஆண்டுகளில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 5 இலட்சமாக உயர்ந்தது. சொற்பொருள் குறித்த வாதம் மாநாட்டு அரங்குகளில் நீடிக்க, விடை நிலத்தில் எழுதப்பட்டு வந்தது.

பிற நாடுகளின் கொள்கைகள்

அமெரிக்காவின் விளக்கம் காலப்போக்கில் நெகிழ்ந்தது. ரோசர்சு 1969 இல் முக்கியமற்ற சிறு மாற்றங்கள் மட்டுமே என்றார். ஜார்ஜ் வாக்கர் புசு 2004 ஏப்ரலில் இசுரேலியத் தலைமை அமைச்சர் ஏரியல் சரோனுக்கு எழுதிய கடிதத்தில், பெரும் குடியேற்றங்கள் அமைந்துவிட்ட நிலையில் 1949 கோடுகளுக்கு முழுமையாகத் திரும்புவதை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார். 2011 இல் பராக் ஒபாமா, 1967 கோடுகளும் இருதரப்பும் இணங்கும் நிலமாற்றங்களும் அடிப்படை என்றார். டொனால்ட் டிரம்ப் 2017 டிசம்பரில் எருசலேமை இசுரேலின் தலைநகராகவும், 2019 மார்ச்சில் கோலான் மீது இசுரேலின் இறைமையையும் ஏற்றார். கோலானை இணைத்த சட்டம் செல்லாது என்று 1981 இல் கூறிய தீர்மானம் 497-க்கு அமெரிக்காவும் வாக்களித்திருந்தது.

ஐரோப்பியச் சமூகத்தின் ஒன்பது நாடுகள் 1980 சூனில் வெளியிட்ட வெனிசு அறிக்கை, தீர்மானம் 242 சொல்லாமல் விட்டதைச் சொல்ல முயன்றது. பாலத்தீனர் சிக்கல் வெறும் அகதிகள் சிக்கலன்று என்றும், பாலத்தீன விடுதலை இயக்கம் பேச்சுவார்த்தையில் தொடர்புபடுத்தப்பட வேண்டும் என்றும் அது கூறியது. அரபு நாடுகள் 2002 மார்ச்சில் பெய்ரூத்தில் வெளியிட்ட அமைதி முன்முயற்சி, முழு விலகலுக்கு ஈடாக இயல்பான உறவை முன்வைத்தது. கார்த்தூமின் மூன்று மறுப்புகளிலிருந்து இது நெடுந்தொலைவு.

இந்தியா 1974 இல் பாலத்தீன விடுதலை இயக்கத்தை ஏற்றது. 1988 நவம்பரில் பாலத்தீன நாட்டை ஏற்றது. 1967 முதல் 1975 வரை சூயசுக் கால்வாய் மூடிக்கிடந்ததால் ஐரோப்பா செல்லும் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. ஆகவே விலகல், நீர்வழி ஆகிய இரண்டிலும் இந்தியாவுக்கு நேரடி அக்கறை இருந்தது. 1992 சனவரியில் இசுரேலுடன் முழுத் தூதரக உறவு ஏற்பட்ட பின் பாதுகாப்புத் தளவாடம், வேளாண்மை ஆகிய துறைகளில் நெருக்கம் வளர்ந்தது. 1967 இல் "எல்லா" என்ற சொல்லுக்காக வாதாடிய நாடு, பன்னாட்டு நீதிமன்றக் கருத்துரையை ஒட்டி இசுரேல் ஓராண்டுக்குள் விலக வேண்டும் என்று 2024 செப்டம்பரில் பொது அவை நிறைவேற்றிய தீர்மானத்தில் வாக்களிக்காமல் ஒதுங்கியது. இரு நாட்டுத் தீர்வை ஆதரிக்கும் நியூயார்க் அறிக்கைக்கு 2025 செப்டம்பரில் ஆதரவளித்தது.

பின்னைய வளர்ச்சிகள்

பாதுகாப்பு அவை இரு நாடுகள் என்ற இலக்கை 2002 மார்ச்சில் தீர்மானம் 1397 மூலம் முதன்முறையாகக் குறிப்பிட்டது. 2016 டிசம்பர் 23 இல் நிறைவேறிய தீர்மானம் 2334, தரப்புகள் பேசி இணங்குபவை நீங்கலாக 1967 சூன் 4 கோடுகளில் எந்த மாற்றத்தையும் ஏற்பதில்லை என்றது. அமெரிக்கா தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தாமல் நடுநிலை வகித்ததால் இது நிறைவேறியது. சுட்டிடைச்சொல் பிணக்குக்கு அவை அளித்த மிக நேரடியான விடை இதுவே. அனைத்துலக நீதிமன்றம் 2024 சூலை 19 அன்று வழங்கிய கருத்துரையில், கைப்பற்றப்பட்ட பாலத்தீன நிலப்பகுதியில் இசுரேலின் தொடர்ந்த இருப்பு சட்டத்துக்குப் புறம்பானது, இயன்ற அளவு விரைவில் முடிக்கப்பட வேண்டும் என்றது.

2005 இல் இசுரேல் காசாப் பகுதியிலிருந்து படைகளையும் குடியேறிகளையும் விலக்கிக்கொண்டது. ஆனால் வான்வெளி, கடல், பெரும்பாலான எல்லைவழிகள் அதன் கட்டுப்பாட்டிலேயே இருந்தன. 2007 முதல் அப்பகுதி அமாசு இயக்கத்தின் ஆட்சியில் இருந்தது. 2023 அக்டோபர் 7 அன்று அமாசு நடத்திய தாக்குதலில் இசுரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டனர். 251 பேர் பிணைக்கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டனர். அதைத் தொடர்ந்த போரில் இறந்த பாலத்தீனர் எண்ணிக்கை, 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் ஏற்பட்டபோது, காசாவின் சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 67,000-ஐக் கடந்திருந்தது.

தீர்மானம் 242-ஐ வரைந்த பிரித்தானியா, 2025 செப்டம்பர் 21 அன்று பாலத்தீனத்தை ஒரு நாடாக ஏற்றது. அதே நாளில் கனடா, ஆசுத்திரேலியா, போர்த்துகல் ஆகியனவும் மறுநாள் பிரான்சும் ஏற்றன. நவம்பர் 17 அன்று பாதுகாப்பு அவை தீர்மானம் 2803 மூலம் காசாவுக்கான அமெரிக்கத் திட்டத்தையும் பன்னாட்டு நிலைப்படுத்தும் படையையும் ஏற்றது. 13 நாடுகள் ஆதரித்தன. உருசியாவும் சீனாவும் நடுநிலை வகித்தன. பாலத்தீனத் தன்னாட்சிக்கும் தனிநாட்டுக்குமான பாதை பற்றி அத்தீர்மானம் நிபந்தனைகளுடன் பேசுகிறது. எல்லைக்கோடு எங்கே அமையும் என்று அது கூறவில்லை.